உங்கள் முதல் டிசைன் திரும்பி வராமலிருக்க: எழுத்து விளையாட்டுகளில் கைவினை வடிவமைப்பு சமர்ப்பிப்பது எப்படி

எழுத்து விளையாட்டில் தையலோ நகைவேலையோ சமையலோ கற்றுக்கொண்ட எவருக்கும் கொஞ்ச நாளில் ஒரு சலிப்பு வரும். அடுத்தவர் போட்டு வைத்த டிசைனையே எத்தனை நாள் தைத்துக்கொண்டிருப்பது? சொந்தமாக ஒன்று போட வேண்டும். போடலாம். ஆனால் நீங்கள் எழுதும் வரிகள் அந்த உலகத்தில் நிரந்தரமாக நிற்கப் போகின்றன. அதனால் அவை ஒருவர் கண்ணில் பட்டு, அவர் சரி என்ற பிறகுதான் உள்ளே வரும். முதல் சமர்ப்பிப்பு திரும்பி வருவது இங்கே சாதாரணம். திரும்பி வரும் காரணங்களோ பெரும்பாலும் ஒரே மாதிரியானவை, முன்கூட்டியே தவிர்க்கக்கூடியவை.

பலர் இணையம் வழியாக ஒரே கற்பனை உலகில் சேர்ந்து ஆடும் இந்த வகை விளையாட்டை மட் என்பார்கள். 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கி வைத்தது. படம் கிடையாது, அறை, ஆள், வாள், வடை எல்லாம் எழுத்துதான். டிசைன் என்பதும் ஒரு பொருளை விவரிக்கும் சில வரிகள்தான். நான் இங்கே பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது அயர்ன் ரெல்ம்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுகளை: 1997இல் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அக்கேயா, அதன் தங்கைகளான லுஸ்டேர்னியா, ஏட்டோலியா. மற்ற மட்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

விதிப் பட்டியல் நீளமாக இருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த வரி யாருடைய திரையில், எந்த இடத்தில் அச்சாகும்? விதிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

எழுதுவதற்கு முன்

முதலில் விளையாட்டுக்குள்ளேயே ஹெல்ப் கட்டளையில் உங்கள் தொழிலுக்கான பக்கத்தைத் தேடிப் படியுங்கள். டிசைன் சமர்ப்பிக்க எந்தத் திறன் வேண்டும், அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், தங்கம் எவ்வளவு கட்ட வேண்டும், நிராகரித்தால் பணம் திரும்புமா என்பதெல்லாம் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். பக்கத்து விளையாட்டில் பத்து வருட அனுபவம் இருந்தாலும் இதைப் படிக்காமல் தொடங்காதீர்கள். ஜெம்ஸ்டோன் ஃபோர் விளையாட்டில் ஒரு பொருளின் அடிப்படைப் பெயர் மூன்று துண்டுகளாகப் பிரிகிறது, ஒவ்வொரு துண்டுக்கும் 15 எழுத்துதான். அக்கேயா பாணியில் நீட்டி முழக்கிப் பழகியவர் அங்கே போனால் மூச்சு முட்டும்.

அடுத்து கடைத்தெருவுக்குப் போங்கள். நீங்கள் சால்வை போடப் போகிறீர்கள் என்றால், ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற சால்வைகள் ஒரு பத்தையாவது உற்றுப் பார்த்து, அந்த எழுத்தைத் தனியாகச் சேமித்து வையுங்கள். எவ்வளவு நீளம், எந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று விதிப் பக்கம் சொல்லாததையும் அவை சொல்லும். ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய டிசைன்கள் பழைய விதியின்படி உள்ளே வந்தவை. "அதில் இருக்கிறதே, எனக்கு ஏன் கூடாது?" என்ற வாதம் எங்கேயும் எடுபடாது.

சிறு விவரணை

ஒரு டிசைனுக்குப் பொதுவாக மூன்று எழுத்துப் பகுதிகள் உண்டு: சிறு விவரணை, தரையில் கிடக்கும்போது தெரியும் வரி, உற்றுப் பார்க்கும்போது தெரியும் பத்தி. இவற்றில் மிகச் சிறியதுதான் மிக அதிகம் தடுக்கி விழ வைப்பது.

சிறு விவரணை தனியாக நிற்பதே இல்லை. விளையாட்டு தானாகக் கட்டும் வாக்கியங்களுக்குள் அதைச் செருகும். "நீங்கள் இன்னதை எடுத்துக்கொள்கிறீர்கள்", "அவர் உங்களுக்கு இன்னதைத் தருகிறார்", "பெட்டிக்குள் இருப்பவை: இன்னது, இன்னது." அந்த "இன்னது" என்ற இடத்தில் வந்து உட்காருவது உங்கள் வரி. வாக்கியத்தின் நடுவில் வருவதால் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். முதல் எழுத்தைப் பெரிதாக்கக் கூடாது. முடிவில் முற்றுப்புள்ளி கூடாது. நடுவில் காற்புள்ளி வந்தால் பட்டியலில் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், அதையும் தவிருங்கள்.

நம்மவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வம்பு உண்டு. டிசைன் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நம் மொழியில் இல்லாத அந்த "எ", "ஆன்" கைக்கு எளிதில் வராது. "ரெட் வுல் ஷால்" என்று அனுப்பினால் திரும்பி வரும். "எ டீப் ரெட் வுல் ஷால்" என்றால் போகும். உச்சரிப்பில் உயிரொலி வந்தால் "ஆன்". தந்தச் சீப்புக்கு "ஆன் ஐவரி கோம்" சரி, "எ ஐவரி கோம்" தவறு. "தி" போடவே போடாதீர்கள். நீங்கள் உருவாக்குவது உலகத்தில் ஒன்றே ஒன்றான பொருளை அல்ல, எத்தனை பிரதி வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு மாதிரியை.

ஜோடியாக வருபவை இன்னொரு தொல்லை. காலணி, கையுறை, காதணி எல்லாவற்றுக்கும் "எ பேர் ஆஃப்" என்று தொடங்குங்கள். வெறும் "பிளாக் பூட்ஸ்" என்று கொடுத்தால் விளையாட்டு அதை ஒருமையாக எண்ணி ஒருமை வினையை ஒட்டி அசிங்கமான வாக்கியம் ஒன்றைத் துப்பும்.

பெயர்ச்சொல் நேராக இருக்கட்டும். விளையாடுபவர் "கெட் ஷால்" என்று தட்டச்சு செய்வார். அக்கேயாவில் பொருளின் பெயர்ச்சொல்லோடு ஒரு எண்ணும் ஒட்டியிருக்கும்; ஒரே மாதிரி நான்கு இருந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் பிரிப்பார்கள். நீங்கள் கவித்துவமாக "எ விஸ்பர் ஆஃப் கிரிம்ஸன்" என்று வைத்துவிட்டு, இது சால்வை என்பதை எங்கேயுமே சொல்லாமல் போனால், தரையில் கிடப்பதை எந்தச் சொல்லால் எடுப்பது? கவிதையை உற்றுப் பார்க்கும் பத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடைமொழி இரண்டு போதும். மூன்றாவது சேர்க்கத் தோன்றினால் முதலிரண்டில் எது வேலை செய்யவில்லை என்று பாருங்கள். "பியூட்டிஃபுல்", "எலிகன்ட்" போன்றவை எந்தப் பொருளையும் காட்டுவதில்லை. நிறம், பொருள், வடிவம், இவை காட்டும்.

தரையில் கிடக்கும் வரி

இது முழு வாக்கியம். பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடியும், நிகழ்காலத்தில் இருக்கும். "அடர்சிவப்புக் கம்பளிச் சால்வை ஒன்று இங்கே மடிப்புக் கலைந்து கிடக்கிறது" என்கிற அளவில் போதும். சில விளையாட்டுகளில் முதல் எழுத்தைச் சிறியதாகவே வைக்கச் சொல்வார்கள். விதிப் பக்கத்தில் பாருங்கள்.

இந்த வரி எங்கே அச்சாகும்? அறை விவரணையின் வாலில். எந்த அறை? அதுதான் உங்களுக்குத் தெரியாது. காட்டுப் பாதையாக இருக்கலாம், கப்பல் தளமாக இருக்கலாம், நடுநிசிக் குகையாக இருக்கலாம். ஆகவே "வெயிலில் மின்னிக்கொண்டு" கூடாது. "புல்மேல்" கூடாது. "காற்றில் படபடத்தபடி" கூடாது. யார் போட்டுவிட்டுப் போனார், ஏன் போட்டார் என்ற ஊகமும் வேண்டாம்: "யாரோ மறந்துவிட்டுப் போன" என்று எழுதினால், சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

உற்றுப் பார்க்கும் பத்தி

இங்கேதான் உங்கள் கை தெரியும். விதிகளும் இங்கேதான் அதிகம் கடிக்கும். நேரடியாக ஒரு மோசமான வரைவையே எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில் காட்டுகிறேன்.

"அரசி ஒருத்தி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அணிந்த இந்த அற்புதமான சால்வை உங்கள் கண்களை உடனே கவர்கிறது. மந்திர ஒளி வீசும் இதன் தங்க ஜரிகை, அவளுடைய மெல்லிய தோள்களில் படர்ந்து, நடக்கும்போது அலையாய் ஆடுகிறது. இதை அணிபவருக்குக் குளிரே தெரியாது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிழைகூட விடாமல் எல்லாவற்றையும் செய்திருக்கிறது.

முதலில் அரசி. நீங்கள் இன்று காலை தைத்த சால்வை அது. நாளை இன்னும் இருபது தைப்பீர்கள். இருபதையும் ஒரே அரசி அணிந்திருக்க முடியாது. பொருளுக்குக் கதை சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். டிசைன் என்பது அதற்கான இடமில்லை. விழாப் பரிசாகவோ தனிப் பொருளாகவோ நிர்வாகத்தின் வழியாக வருபவற்றுக்குக் கதை இருக்கலாம்.

அடுத்தது "உங்கள் கண்களைக் கவர்கிறது". பார்ப்பவர் யார் என்று தெரியுமா? உங்களை வெட்டிப் போட வந்த எதிரி நகரத்துக்காரராக இருக்கலாம். அவர் என்ன உணர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது. ஆங்கிலத்தில் "யூ" என்ற சொல்லே பத்தியில் இல்லாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

"அவளுடைய மெல்லிய தோள்கள்" இன்னும் பெரிய சிக்கல். சால்வை இப்போது யார் தோளிலும் இல்லாமல் பெட்டியில் இருக்கலாம். தோளில் இருந்தாலும் அது பல்லி உடம்புக்காரரின் தோளாகவோ, குள்ளர் ஒருவரின் தோளாகவோ இருக்கலாம். அணிபவரின் பால், இனம், உடல்வாகு எதையும் தொடாதீர்கள். "நடக்கும்போது ஆடுகிறது" என்பதற்கும் இதே பதில்.

மந்திர ஒளியும் குளிர் தெரியாததும் ஒரே வகைப் பிழை. விளையாட்டின் நிரல் அந்தச் சால்வைக்கு ஒளியும் தராது, குளிரையும் தடுக்காது. எழுத்து ஒன்று சொல்லி நிரல் வேறொன்று செய்தால், கடையில் வாங்கியவர் ஏமாந்துபோய் உங்களிடம்தான் வந்து நிற்பார். பளபளப்பு இருக்கலாம், ஒளி உமிழக் கூடாது.

இப்போது திருத்தியது:

"அடர்சிவப்புச் சாயமேற்றிய மென்கம்பளியில் நெருக்கமாக நெய்யப்பட்ட அகலமான சால்வை இது. இரு முனைகளிலும் விரல் நீளக் குஞ்சங்கள் முடிச்சிட்டுத் தொங்குகின்றன. கரை நெடுகத் தங்க இழையில் திராட்சைக் கொடி ஒன்று தையலிடப்பட்டிருக்கிறது. மூன்று இலைக்கு ஒரு கொத்து என்ற ஒழுங்கு எங்கேயும் பிசகவில்லை."

சால்வை எங்கே இருந்தாலும், யார் பார்த்தாலும், இது உண்மையாகவே இருக்கும். அரசியும் மந்திரமும் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மூன்று இலைக் கணக்கு பார்ப்பவர் மனத்தில் நிற்கும், "அற்புதமான" நிற்காது.

இன்னொன்று. மட் ஆடுபவர்களில் பார்வையற்றோர் கணிசமாக இருக்கிறார்கள். படம் சார்ந்த விளையாட்டுகள் அடைத்துவிட்ட கதவு இங்கே திறந்திருக்கிறது, திரைவாசிப்பான் எல்லாவற்றையும் படித்துவிடும். ஆகவே குறியீடுகளை அடுக்கிப் பூ வரைவது, கோடு இழுப்பது போன்ற அலங்காரங்கள் விதியில் தடை இல்லாத இடத்திலும் வேண்டாம். கேட்பவருக்கு அது "நட்சத்திரக் குறி, நட்சத்திரக் குறி" என்று காதைக் குடையும். நீங்கள் எழுதியதை ஒருமுறை திரைவாசிப்பானில் ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். தவறவிட்ட சொல்லும் இரண்டுமுறை வந்த சொல்லும் அப்போதே பிடிபடும்.

மூலப்பொருள் கணக்கு

ஒவ்வொரு டிசைனுக்கும் துணி, தோல், பட்டு, வெள்ளி, தங்கம் என்று மூலப்பொருள் பட்டியல் கொடுக்க வேண்டும். எழுத்தும் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும், இரண்டு திசையிலும். மேலே தங்க இழை என்று எழுதினோம் அல்லவா? பட்டியலில் தங்கம் இல்லையென்றால் ஒன்று தங்கத்தைச் சேருங்கள், அல்லது "தங்க நிற இழை" என்று மாற்றுங்கள். பட்டியலில் மரகதம் இருந்து பத்தியில் அதைக் காணோம் என்றாலும் கேட்பார்கள்.

பலர் இங்கே சிக்கனம் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். விவரணையில் வைரமும் முத்துமாக இழைத்துவிட்டு, பட்டியலில் கண்ணாடி. விலை குறைவாக விற்கலாம் என்ற கணக்கு, ஒப்புதல் தருபவருக்கு உடனே தெரியும்.

அந்த உலகத்துக்குள் நில்லுங்கள்

அக்கேயாவில் மால்டோர், சைரீன், எலூசிஸ் என்று நகரங்கள் உண்டு, தெய்வங்கள் உண்டு, தனி நாட்காட்டிகூட உண்டு. நம் உலகத்தின் ஊர், நாடு, மதம், பண்டிகை எதுவும் அங்கே இல்லை. "பிரெஞ்சு", "பாரசீக" போன்றவை நேரடியாகவே விழும். நம் பக்கத்துச் சரக்கும் அப்படியே. "மெட்ராஸ் செக்" என்று கட்டம்போட்ட துணியை ஆங்கிலேயர் அழைப்பது வழக்கம்தான், ஆனால் மெட்ராஸ் அங்கே கிடையாது. கட்டத்தின் நிறத்தையும் அளவையும் சொல்லிவிட்டுப் போங்கள். காஞ்சிபுரம் பட்டும் அதே வழிதான்: ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, அகலக் கரை, எதிர்நிற முந்தி, ஜரிகையில் கோபுர வரிசை என்று எழுதினால் சேலை தெரிந்தவர் புரிந்துகொள்வார். தெரியாதவருக்கு அழகான நீளத் துணி. "சாரி", "துப்பட்டா" போன்ற சொற்களையே ஏற்பார்களா என்பது விளையாட்டைப் பொறுத்தது. முன்னரே ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

தொழில்நுட்பமும் இதில் சேர்த்தி. ஜிப், பிளாஸ்டிக், எலாஸ்டிக் கிடையாது. உலகத்தின் வறுமையையும் கவனிக்க வேண்டும்: ஆர்மகெடன் மட் நடப்பது ஸலாந்தாஸ் என்ற பாலைவன உலகில், அங்கே உலோகம் கிடைப்பதே அரிது, எலும்பும் எரிமலைக் கண்ணாடியும்தான் ஆயுதம். அங்கே போய் எஃகுக் கத்தி டிசைன் கொடுப்பவர் அந்த உலகத்தைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

நகரச் சின்னம், தெய்வத்தின் அடையாளம் ஆகியவற்றை அந்தந்த அமைப்பின் அனுமதியோடுதான் பயன்படுத்த முடியும். வெளியுலகத் திரைப்படம், தொடர், வேறு விளையாட்டு இவற்றின் சின்னமும் பெயரும் பதிப்புரிமைச் சிக்கல். நகைச்சுவைச் சிலேடையையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். இதில் எனக்கே கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, ஆனாலும் நூறாவது முறை படிக்கும்போது எந்தச் சிலேடையும் சிரிப்பு மூட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சமையல் டிசைன்

மேலே சொன்னவை எல்லாம் உண்டு, கூடவே சாப்பிடும்போது வரும் வரி. அது இரண்டு வடிவில் கேட்கப்படலாம்: சாப்பிடுபவருக்குத் தெரிவது, சுற்றி இருப்பவர்களுக்குத் தெரிவது. இரண்டாவதில் சுவையை எழுதாதீர்கள்; எதிரில் நிற்பவருக்கு உங்கள் நாக்கு தெரியாது. முதலாவதில் சுவையைச் சொல்லலாம், ஆனால் "பேரானந்தம் அடைகிறீர்கள்" என்று சொல்லக் கூடாது.

இட்லி போட ஆசைப்பட்டால் "ஆவி பறக்கும்" என்பதை மறந்துவிடுங்கள். அந்த இட்லி யாரோ ஒருவரின் பையில் நாள்கணக்கில் இருக்கும். அக்கேயாவில் நிஜ உலகின் ஒரு மணி நேரம் அங்கே ஒரு நாள், 25 நாள் ஒரு மாதம். நேற்று நீங்கள் அவித்த இட்லிக்கு இன்று அங்கே கிட்டத்தட்ட ஒரு மாத வயது ஆகியிருக்கும், இன்னும் ஆவி பறந்துகொண்டிருக்கும். வெண்மை, மென்மை, தட்டின் துணித்தடம் பதிந்த அடிப்பாகம், புளித்த மாவின் லேசான மணம் என்று எழுதுங்கள்.

அனுப்பும்போது

வரைவைச் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதுங்கள். கைபேசியிலோ வேர்டிலோ எழுதினால் மேற்கோள் குறி தானாக வளைந்துவிடும், நீளக் கோடு முளைக்கும். பல மட் சர்வர்கள் பழைய எளிய எழுத்துக்குறிகளை மட்டுமே ஏற்கும். மற்றவை கேள்விக்குறியாகவோ குப்பையாகவோ மாறிப் போய்ச் சேரும். "ஃபியான்ஸே" போன்ற சொற்களில் வரும் மேல்குறி எழுத்துகளுக்கும் இதே கதிதான்.

அரைப்புள்ளியிலும் (;) கவனம். மட் ஆடப் பயன்படுத்தும் பல கிளையண்ட் மென்பொருள்களில் அது இரண்டு கட்டளைகளைப் பிரிக்கும் குறி. பத்தியின் நடுவில் அரைப்புள்ளி வைத்து அனுப்பினால் பாதி டிசைனில் போகும், மீதி கட்டளையாக ஓடும். மட்லெட் என்ற கிளையண்டில் இயல்பாக இரட்டை அரைப்புள்ளிதான் (;;) பிரிப்பான் என்பதால் ஒற்றை அரைப்புள்ளி தப்பிக்கும். மற்றவற்றில் அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெல்லிங் பிரிட்டனா அமெரிக்காவா என்று விதி சொன்னால் அதன்படி, சொல்லாவிட்டால் ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். முழுவதையும் அனுப்பிய பின் விளையாட்டே முன்னோட்டம் காட்டும். அதில் மூன்று பகுதியையும் படித்துவிட்டுத்தான் இறுதிக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். முதலில் ஒன்றே ஒன்று அனுப்புங்கள். ஒரே பிழையோடு ஆறு டிசைன் அனுப்பினால் ஆறும் ஒரே நாளில் திரும்பி வரும், கட்டணம் இருந்தால் ஆறு மடங்கு.

திரும்பி வந்தால்

குறிப்போடு வரும். குறிப்பு சுருக்கமாக, கொஞ்சம் வறட்சியாகக்கூட இருக்கும். டிசைன்களைப் பரிசீலிப்பவர்கள் பலர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள், வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிறைய பேர் நிற்பார்கள். கோபத்துக்கு அங்கே எதுவும் இல்லை.

குறிப்பில் சொன்னதை மட்டும் மாற்றிவிட்டு உடனே திருப்பி அனுப்பாதீர்கள். பரிசீலித்தவர் முதல் பிழையைக் கண்டவுடன் நிறுத்திவிட்டு அடுத்த டிசைனுக்குப் போயிருக்கலாம். மூன்றாம் வரியில் இன்னொன்று இருக்கும். முழுவதையும் மறுபடி படியுங்கள். குறிப்பு புரியவில்லை என்றால் எந்தச் சொல் சிக்கல் என்று கேட்கலாம். "போன மாதம் வேறொருவருக்கு விட்டார்களே" என்று கேட்பதில் பயனில்லை.

ஒப்புதல் வந்தபின் பெரும்பாலும் திருத்த முடியாது. ஆகவே முதல் பிரதியைச் செய்தவுடன் விற்பனைக்கு வைக்காமல் ஒரு சுற்று சோதியுங்கள்: தரையில் போட்டு அறையைப் பாருங்கள், நண்பரிடம் கொடுத்து வாங்குங்கள், பையில் வைத்துப் பையைப் பாருங்கள், இரண்டு செய்து பட்டியலில் பன்மை எப்படி வருகிறது என்று பாருங்கள், அணிந்துகொண்டு உங்களையே பாருங்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அதற்கென்றே பல விளையாட்டுகளில் டைப்போ என்று ஒரு கட்டளை உண்டு. அதில் டிசைன் எண்ணையும் தவறான சொல்லையும் சரியான சொல்லையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். ஒரு எழுத்துத் திருத்தம் என்றால் செய்து கொடுப்பார்கள். அந்தச் சாக்கில் இன்னொரு குஞ்சத்தைச் சேர்க்கக் கேட்டால் புது டிசைனாகப் போடச் சொல்வார்கள்.